நகரத்தை மீட்க நான்கு வழிகள்: ஃபலூஜா, ரமாதி, சதர் சிட்டி, மோசுல்

ஆயுதக் குழு ஒன்று நகரத்துக்குள் புகுந்து வேரூன்றிவிட்டது. ஊரை மீட்கும் பொறுப்பு கூட்டுப் படையின் தலையில். மக்களை வெளியேறச் சொல்லிவிட்டு முழுப் பலத்தோடு உள்ளே போவதா? தெருத் தெருவாக உள்ளேயே முகாம் போட்டு மெல்லப் பிடியை இறுக்குவதா? சுவர் எழுப்பி ஊரைப் பிரித்துவிடுவதா? மக்கள் உள்ளே இருக்கும்போதே நாலு பக்கமும் வளைத்து அடிப்பதா? 2004-க்கும் 2017-க்கும் இடையில் ஈராக்கில் இந்த நான்கும் நடந்தேறின. ஒரே நாடு, ஏறக்குறைய ஒரே மாதிரியான கட்டடங்கள், நான்கிலும் அமெரிக்க ஆயுதங்கள். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது.

ராணுவ ஆய்வுகள் பலவும் எத்தனை நாள் ஆயிற்று, எத்தனை வீரர்கள் மாண்டார்கள் என்ற இரண்டு கணக்கோடு நின்றுவிடுகின்றன. முடிவெடுப்பவருக்கு அவை போதவே போதாது. முதலில் கேட்க வேண்டியவை வேறு இரண்டு. சண்டை நடக்கும் நாட்களில் ஊர்மக்கள் எங்கே இருப்பார்கள்? சண்டை ஓய்ந்த மறுநாள் அந்தத் தெருமுனையில் துப்பாக்கியோடு நிற்கப்போகிறவர் யார்? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், அதே ஊருக்கு இன்னொரு முறை சண்டைக்குப் போக வேண்டியிருக்கும். ஃபலூஜாவுக்கு அப்படித்தான் திரும்பத் திரும்பப் போனார்கள்.

முதலில், செய்யவே கூடாதது

2004 மார்ச் 31-ஆம் தேதி ஃபலூஜாவில் பிளாக்வாட்டர் என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் நான்கு அமெரிக்கர்கள் கொல்லப்பட்டு, அவர்களில் இருவரின் எரிந்த உடல்கள் யூப்ரடீஸ் பாலத்தில் தொங்கவிடப்பட்டன. சில நாட்களிலேயே, ஏப்ரல் 4-ஆம் தேதி இரவு, அமெரிக்க மரைன் படை ஊரைச் சுற்றி வளைத்தது. களத்தில் இருந்த மரைன் தளபதிகள் அவசரப்பட வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். உத்தரவு மேலிருந்து வந்தது. மக்கள் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே இருந்தார்கள். தாக்குதலில் சேரச் சொன்ன ஈராக்கியப் பட்டாலியன் ஒன்று, சொந்த நாட்டு மக்களோடு சண்டையிட மாட்டோம் என்று மறுத்துவிட்டது. ஃபலூஜா மருத்துவமனையிலிருந்து வந்த காட்சிகள் அரபுத் தொலைக்காட்சிகளில் நாள் முழுக்க ஓடின. அமெரிக்கா நியமித்திருந்த ஈராக்கிய ஆட்சிக் குழுவின் உறுப்பினர்கள் பதவி விலகுவோம் என்று எச்சரித்தார்கள். ஏப்ரல் 9-ஆம் தேதி தாக்குதல் நிறுத்தப்பட்டது.

பிறகு செய்தது இன்னும் மோசம். சதாம் காலத்து அதிகாரிகளை வைத்து 'ஃபலூஜா பிரிகேட்' என்று ஒன்றை உருவாக்கி, ஆயுதமும் வாகனமும் கொடுத்து ஊரை ஒப்படைத்தார்கள். செப்டம்பருக்குள் அது கலைந்துபோனது. கொடுத்த ஆயுதங்களில் பெரும்பகுதி கிளர்ச்சியாளர்கள் கைக்குப் போயிற்று. பாதியில் நிறுத்த நேரும் என்ற சாத்தியம் இருந்தால் அந்தத் தாக்குதலைத் தொடங்கவே கூடாது. தொடங்கியதற்கான பழியும் வந்து சேர்ந்தது, முடிக்காததன் விளைவும் வந்து சேர்ந்தது. எதிரிக்கோ பதுங்குகுழி தோண்டவும் கண்ணிவெடி புதைக்கவும் ஆறு மாதம் கிடைத்தது.

ஊரைக் காலி செய்து முழுத் தாக்குதல்: ஃபலூஜா, நவம்பர் 2004

இரண்டாம் முறை வேறு விதமாகத் தயாரானார்கள். வாரக்கணக்கில் துண்டறிக்கை, வானொலி அறிவிப்பு, வான்தாக்குதல் எல்லாம் நடந்தன. இரண்டரை முதல் மூன்று லட்சம் பேர் வாழ்ந்த ஊரில் பெரும்பாலோர் வெளியேறிவிட்டார்கள். ஏப்ரலில் எதிரி சாலைகளைத் துண்டித்துப் படையின் லாரிகளை மறித்த அனுபவத்தால், வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கத் தேவையான குண்டு, எரிபொருள், தண்ணீர் அனைத்தையும் அருகிலிருந்த முகாமிலேயே குவித்துவைத்தார்கள். ஈராக்கின் இடைக்காலப் பிரதமர் அயாத் அல்லாவி நவம்பர் 7-ஆம் தேதி அவசரநிலையை அறிவித்தார். அன்றிரவே முதலில் பிடிக்கப்பட்டது ஊருக்கு மேற்கே இருந்த பொது மருத்துவமனை. ஏப்ரலில் செய்தி வெளியே வந்த வாசல் அதுதான் என்பதால் அடைத்தார்கள். மருத்துவமனையை ராணுவ இலக்காக நடத்திய அந்த முடிவை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. அடிபட்டவர்கள் போக வேண்டிய இடம் முதல் நாளே துப்பாக்கி முனைக்குள் போய்விட்டது.

தெற்கிலிருந்து வருவதுபோல் போக்குக் காட்டி, வடக்கிலிருந்து ரயில் நிலையத்தின் வழியாக உள்ளே போனார்கள். ராணுவத்தின் கவசப் படைகள் முன்னால் ஊரைப் பிளந்துகொண்டு போக, மரைன்கள் பின்னால் வீடு வீடாகத் தேடினார்கள். சில நாட்களிலேயே ஊரின் குறுக்கே ஓடும் நெடுஞ்சாலையைத் தாண்டிவிட்டார்கள். கவசப் படை தாண்டிப்போன வீடுகளில்தான் ஆட்கள் காத்திருந்தார்கள். இழப்பில் பெரும்பங்கு அங்கே நேர்ந்ததுதான்.

ஃபலூஜா வீட்டின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் காரணம் விளங்கும். சுற்றிலும் மதில், இரும்புக் கதவு, சின்ன முற்றம், செங்கல்லும் கான்கிரீட்டுமாகக் கட்டிய இரண்டு மாடி, மேலே கைப்பிடிச் சுவரோடு கூடிய மொட்டைமாடி. உள்ளே இருப்பவர் படிக்கட்டுத் திருப்பத்திலோ பின்னறையிலோ உட்கார்ந்து வாசலைக் குறிவைத்திருப்பார். நுழைபவர் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் வருகிறார். முதலில் உள்ளே கால்வைக்கும் இருவரில் ஒருவராவது அடிபட, அவரைத் தூக்க வரும் அடுத்தவரும் அடிபடுவார். டாங்கியைக் கூப்பிடலாம். ஆனால் ஏப்ராம்ஸ் டாங்கியின் பெரிய துப்பாக்கி ஏறத்தாழ 20 பாகைக்கு மேல் உயராது. குறுகிய தெருவில் பக்கத்து வீட்டு மாடியை அது தொடாது. அதனால் கொஞ்ச நாளிலேயே முறை மாறியது. உள்ளே ஆள் இருப்பது தெரிந்தால் வெளியே வந்துவிடுவது, தூரத்திலிருந்து டாங்கியால் அடிப்பது, இல்லையென்றால் டி9 புல்டோசரால் வீட்டையே சாய்ப்பது. வீரர் உயிர் பிழைத்தார், தெரு மண்ணானது.

டிசம்பர் 23 வரை நீடித்த இந்தச் சண்டையில் அமெரிக்கர் 95 பேர் இறந்தார்கள், 500-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ஆயிரக்கணக்கான கட்டடங்கள் இடிந்தன. உடலைச் சுட்டெரிக்கும் வேதிப்பொருளான வெள்ளை பாஸ்பரஸை ஆட்கள் மீதே பயன்படுத்தியதை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஓராண்டு கழித்து ஒப்புக்கொண்டது. ஊருக்குள் தங்கிவிட்ட குடிமக்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று படைத் தரப்பில் யாரும் முறையாக எண்ணவே இல்லை.

'காலி செய்த ஊர்' என்ற சொல்லில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 15 முதல் 55 வயது வரையிலான ஆண்கள் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கணவனையோ மகனையோ விட்டுப் போக மனமில்லாத குடும்பங்கள் கூடவே தங்கிவிட்டன. அதே நேரம், முக்கியத் தலைவர்கள் தாக்குதலுக்கு முன்பே நழுவிவிட்டார்கள். ஈராக் அல்-காய்தாவின் தலைவர் அபு முசாப் அல்-சர்காவி பிடிபடவில்லை. ஃபலூஜாவில் சண்டை உச்சத்தில் இருந்த அதே வாரம் வடக்கே மோசுலில் காவல் நிலையங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன, காவலர்கள் ஆயிரக்கணக்கில் ஓடிவிட்டார்கள். ஓர் ஊரில் படையைக் குவித்தால் இன்னோர் ஊர் காலியாகும் என்பதை இந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் எவரும் கணக்கில் வைத்தாக வேண்டும்.

உள்ளே குடியேறுவது: ரமாதி, 2006

எங்கள் மதிப்பீட்டில் நான்கிலும் சிறந்தது இதுதான். பொறுமையை மிக அதிகமாகக் கேட்பதும் இதுதான்.

அன்பார் மாகாணத்தின் தலைநகரான ரமாதியில் நாலு லட்சம் பேர் வாழ்ந்தார்கள். 2006-இல் ஊரின் பெரும்பகுதி அல்-காய்தாவின் பிடியில் இருந்தது. கோடையில் அங்கே வந்த கர்னல் ஷான் மக்ஃபார்லண்டின் படைப்பிரிவு ஃபலூஜா பாணியில் இன்னொரு தாக்குதலை நடத்தவில்லை. ஊருக்கு வெளியே இருந்த பெரிய முகாமிலிருந்து ரோந்து போய்த் திரும்பும் பழக்கத்தை விட்டுவிட்டு, ஊருக்குள்ளேயே சிறு காவல் முகாம்களை ஒவ்வொன்றாக அமைத்தது.

ஒரு முகாம் அமைவது ஓர் இரவு வேலை. நாற்சந்தியைப் பார்த்தபடி இருக்கும் சில உயரமான கட்டடங்களைக் காலாட்படை இருட்டில் பிடித்துக்கொள்ளும். குடியிருக்கும் குடும்பத்துக்கு வாடகை கொடுத்து வேறிடம் அனுப்புவார்கள். பின்னாலேயே பொறியாளர்கள் கான்கிரீட் தடுப்புகள், முள்கம்பிச் சுருள், ஜெனரேட்டர், ஆயிரக்கணக்கில் மணல் மூட்டைகளோடு வந்துவிடுவார்கள். விடிவதற்குள் ஜன்னல்கள் மூடப்பட்டு, கூரையில் துப்பாக்கி நிலைகள் எழும்பியாக வேண்டும். விடிந்ததும் முதல் தாக்குதல் நிச்சயம். அந்தத் தாக்குதல் முகாமுக்குச் சாதகமாகவே முடியும். அதுவரை ஒளிந்திருந்து கண்ணிவெடி வைத்தவன், இப்போது தடுப்புக்குப் பின்னால் காத்திருப்பவரை நோக்கித் திறந்த தெருவில் வர வேண்டியிருக்கிறது. ஒரு முகாம் நிலைத்ததும் சில நூறு மீட்டர் தள்ளி அடுத்தது.

இதில் சிக்கல் வருவது பெரும்பாலும் சாலையில். முகாமுக்குத் தண்ணீரும் டீசலும் போகும் வழி சில நாளில் எதிரிக்கு மனப்பாடமாகிவிடும், வெடிகுண்டு அங்கேதான் புதைபடும். பல நாள் இருப்பை உள்ளேயே வைத்து லாரி நடைகளைக் குறைப்பதும், சாலையை இரு முனைகளிலிருந்தும் கண்காணிக்கும்படி முகாம்களை அமைப்பதும்தான் இதற்கு மருந்து. இன்னொரு ஆபத்து, வெடிமருந்து ஏற்றிய லாரி வாசலில் மோதுவது. வாசலுக்கு முன் வளைந்து வளைந்து போகும்படி தடுப்புகளை அடுக்காத முகாம் அதற்குப் பலியாகும்.

முகாம்கள் மட்டும் ரமாதியை மீட்டுவிடவில்லை. 2006 ஜனவரியில் அங்கே காவல் பணிக்கு ஆள் எடுத்தபோது தற்கொலைக் குண்டு வெடித்துப் பல பத்துப் பேர் இறந்தார்கள், குலத் தலைவர்களும் குறிவைத்துக் கொல்லப்பட்டார்கள், அதன்பின் யாரும் பெயர் கொடுக்க வரவில்லை. மக்ஃபார்லண்டின் அதிகாரிகள் ஷேக்குகள் எனப்படும் அந்தக் குலத் தலைவர்களின் வீடுகளுக்குப் போய்த் தேநீர் குடித்தபடி கேட்டது ஒரே கேள்வி: உங்கள் பையன்கள் காவலில் சேர என்ன வேண்டும்? பதிலும் தெளிவாக இருந்தது. எங்கள் குடும்பம் இருக்கும் பகுதியிலேயே பணி வேண்டும், பக்கத்தில் உங்கள் முகாம் வேண்டும். இரண்டும் கொடுக்கப்பட்டன. ஆகஸ்டில் அல்-காய்தாவினர் ஷேக் ஒருவரைக் கொன்று, உடலைப் பல நாட்கள் புதைக்க விடாமல் மறைத்துவைத்தார்கள். இறந்தவரை உடனே அடக்கம் செய்வதைக் கடமையாகக் கொண்ட மக்களுக்கு அது பொறுக்க முடியாத அவமானம். செப்டம்பரில் ஷேக் அப்துல் சத்தார் அபு ரிஷா தலைமையில் குலங்கள் ஒன்றுகூடி, அல்-காய்தாவுக்கு எதிராக வெளிப்படையாக நின்றன. 2007 நடுவில் ரமாதியின் தெருக்களில் உள்ளூர்க் காவலர்கள் நின்றார்கள்.

விலையும் குறைவில்லை. அந்தப் படைப்பிரிவு மாதக்கணக்கில் ஒவ்வொருவராக, மொத்தம் 80-க்கும் மேற்பட்டோரை இழந்தது. நாட்டின் கவனமும் தேர்தலும் அவசரப்படுத்தும்போது இந்த வேகத்தைத் தாங்கும் அரசியல் தலைமை அரிது. அபு ரிஷாவும் 2007 செப்டம்பரில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். ஆனால் அவர் இறந்த பிறகும் இயக்கம் உடையவில்லை, ஏனென்றால் அது அந்த ஊர்க்காரர்களுடையதாகிவிட்டிருந்தது.

சுவர்: சதர் சிட்டி, 2008

2008 மார்ச் கடைசியில் பாக்தாத்தின் சதர் சிட்டியிலிருந்து, ஷியா மதகுரு முக்ததா அல்-சதரின் மஹ்தி படையினர் அரசு அலுவலகங்களும் தூதரகங்களும் இருந்த பசுமை வளாகத்தை நோக்கி ராக்கெட் மழை பொழிந்தார்கள். 20 லட்சம் பேர் நெருக்கியடித்து வாழும் பகுதி அது. காலி செய்வது நடக்காத காரியம். முழுவதும் புகுந்தால் இன்னொரு ஃபலூஜா, அதைப்போல் பல மடங்கு பெரியது.

அங்கே எடுத்த முடிவு நோக்கத்தைச் சுருக்கியது. 107 மி.மீ. ராக்கெட் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்தான் எட்டும். சதர் சிட்டியின் தென்கோடியிலிருந்து சுட்டால் பசுமை வளாகம் எட்டும், அல்-குத்ஸ் தெருவுக்கு வடக்கே தள்ளிவிட்டால் எட்டாது. ஆகவே ஊர் முழுவதும் தேவையில்லை, அந்தத் தெரு போதும். தெரு நெடுகக் கான்கிரீட் சுவர் எழுந்தது. ஒவ்வொரு பலகையும் சுமார் 3.6 மீட்டர் உயரம், ஒன்றரை மீட்டர் அகலம், ஆறு டன்னுக்கு மேல் எடை. ஏறத்தாழ 3,000 பலகைகள் சேர்ந்து நாலரை கிலோமீட்டர் ஆயிற்று. கிரேன் பலகையை இறக்கும், டாங்கியும் பிராட்லி கவச வாகனமும் இரு பக்கமும் காவல் நிற்கும், ஒரு வீரர் ஏணியில் ஏறி மேலே கொக்கியைக் கழற்றுவார். அந்தச் சில விநாடிகள்தான் மிக ஆபத்தானவை. ஒவ்வொரு பலகைக்கும் ஒருவர் அப்படி ஏறியாக வேண்டும்.

எதிரி ஏன் சுவரைத் தேடிவந்து தாக்கினான் என்பதில்தான் பாடம் இருக்கிறது. சுவருக்குத் தெற்கே போய்விட்டது ஜமீலா சந்தை, கிழக்கு பாக்தாத்தின் பெரிய மொத்தச் சந்தை. அங்கே வசூலித்த பணம் மஹ்தி படைக்கு முக்கிய வருமானம். அதை இழக்க மனமில்லாமல் சந்துகளை விட்டு வெளியே வந்து கிரேன்களை அடித்தார்கள். வெளியே வந்தவர்களை மேலிருந்து ட்ரோன்களும் அப்பாச்சி ஹெலிகாப்டர்களும் பார்த்துக்கொண்டிருந்தன. மே நடுவில் போர்நிறுத்தம் ஏற்பட்டது. மே 20-ஆம் தேதி ஈராக்கிய ராணுவம் மட்டும், அமெரிக்கர் துணையின்றி, உள்ளே நடந்துபோனது.

இதுவும் சுத்தமான வழியாக இருக்கவில்லை. நெரிசலான குடியிருப்புகளின் நடுவே ஏவுகணைகள் விழுந்தன. மே 3-ஆம் தேதி ஒரு தாக்குதல் சதர் பொது மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே விழுந்து ஆம்புலன்ஸ்களை நொறுக்கியது. சுவர் வேலைக்குப் போகும் வழியை அடைத்தது. ஆனாலும் 20 லட்சம் பேரும் தங்கள் வீடுகளில் இருந்தார்கள், ஊரின் பெரும்பகுதி நின்றது. பேச்சுவார்த்தைக்கு ஒத்துவரக்கூடிய தலைமை எதிர்ப்பக்கம் இருந்ததால்தான் இது பலித்தது. ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) போன்ற அமைப்பின் முன்னால் இதே சுவர் வெறும் இடைநிறுத்தமாகவே இருந்திருக்கும்.

மக்கள் உள்ளே, வளையம் வெளியே: மோசுல், 2016–17

ஐ.எஸ். பிடியில் இருந்த மோசுலை மீட்கும் சண்டை 2016 அக்டோபர் 17-ஆம் தேதி தொடங்கியபோது ஊருக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். வீட்டிலேயே இருங்கள் என்று விமானத்திலிருந்து துண்டறிக்கை போட்டது அரசு. இத்தனை பேருக்குக் கூடாரம் கிடையாது என்பதும் உண்மை. மேற்கே தப்பிப்போகும் வழி முதலில் திறந்திருந்தது. நவம்பரில் ஷியா துணைப்படைகள் அதை அடைத்தன. அதன்பின் ஐ.எஸ். ஆட்களுக்கும் போக இடமில்லை, மக்களுக்கும் போக இடமில்லை.

முன்னேறிய ஈராக்கிய பயங்கரவாத எதிர்ப்புப் படையின் வேலை முறை திட்டவட்டமானது. ஒவ்வொரு தெருவையும் பிடித்ததும் புல்டோசர் பக்கத்துச் சந்துகளின் வாயில் மண்மேடு போட்டுவிடும், இரும்புத் தகடு போர்த்திய வெடிகுண்டுக் கார்கள் அங்கிருந்து பாய்ந்து வரும் என்பதால். புல்டோசர் தாமதித்த தெருக்களில் கார் வந்தது. மேலே கடையில் வாங்கிய சிறு ட்ரோன்கள் கையெறிகுண்டு போட்டன. கிழக்கு மோசுலைப் பிடிக்க ஜனவரி கடைசி வரை ஆயிற்று. அந்தப் படை தன் பலத்தில் 40 விழுக்காட்டை இழந்ததாக அமெரிக்க ராணுவத்தின் ஆவணமே சொல்கிறது.

படை தேய்ந்த இடத்தை வெடிகுண்டு நிரப்பியது. மேற்கு மோசுலின் பழைய நகரில் சந்துகள் கவச வாகனம் நுழையாத அளவு குறுகலானவை. அப்போதைக்குள் தாக்குதலுக்கு அனுமதி தரும் அதிகாரம் கீழ்நிலை அதிகாரிகளுக்கு வந்திருந்தது. 2017 மார்ச் 17-ஆம் தேதி ஜதீதா பகுதியில் ஒரு வீட்டின் மேலிருந்து இரண்டு ஸ்நைப்பர்கள் சுட்டார்கள். அவர்களைக் கொல்ல 500 பவுண்டு குண்டு போடப்பட்டது. கீழ்த்தளத்தில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் தஞ்சம் புகுந்திருந்தன. அமெரிக்க விசாரணையின்படியே குறைந்தது 105 குடிமக்கள் இறந்தார்கள். ஐ.எஸ். உள்ளே வைத்திருந்த வெடிமருந்தும் சேர்ந்து வெடித்துக் கட்டடம் சரிந்தது என்றது அந்த விசாரணை. அப்படியே வைத்துக்கொண்டாலும், மக்களை வீட்டிலேயே இருக்கச் சொன்ன பிறகு அந்த வீட்டின் மேல் குண்டு போட அனுமதித்த முடிவு அப்படியே நிற்கிறது.

ஜூலை 10-ஆம் தேதி வெற்றி அறிவிக்கப்பட்டது. ஒன்பது மாதச் சண்டையில் 9,000-க்கும் மேற்பட்ட குடிமக்கள் இறந்ததாக அசோசியேட்டட் பிரஸ் சவக்கிடங்குப் பதிவுகளையும் பிற கணக்குகளையும் சேர்த்துக் கணித்தது. காயமடைந்தவர்களுக்குத் தொடக்கத்தில் அருகில் மருத்துவமனையே இல்லை, எர்பில் வரை 80 கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் களமுனைக்கு அருகிலேயே முதலுதவி மையங்களையும், ஒரு மணி நேரத் தொலைவுக்குள் கள மருத்துவமனைகளையும் ஏற்படுத்திய பிறகுதான் நிலைமை மாறியது. சண்டை தொடங்கும் முன்பே இருந்திருக்க வேண்டிய ஏற்பாடு அது.

எதை, எப்போது

எதிரியால் வரும் தீங்கு குறிப்பிட்ட ஒன்றாக இருந்தால், ராக்கெட் எட்டும் தூரம், ஒரு பாலம், ஒரு சந்தை என்றால், அதை மட்டும் பறிக்கும் சதர் சிட்டி வழியை முதலில் பாருங்கள். ஊர் முழுவதும் வேண்டும் என்று சொல்வதற்கு முன், அது உண்மையிலேயே தேவையா என்று கேட்க வேண்டும்.

ஊர் முழுவதும் தேவைதான், உள்ளூரில் கைகோக்கக் கூடியவர்கள் இருக்கிறார்கள், ஓராண்டு பொறுக்க முடியும் என்றால் ரமாதி வழி. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் முகாம்கள் தனித்தீவுகளாகி, நாளொரு சாவாக நீளும்.

காலி செய்யும் வழியைத் தேர்ந்தெடுப்பவர் கூடாரக் கணக்கோடு தொடங்க வேண்டும். மூன்று லட்சம் பேருக்கு, ஐவருக்கு ஒன்று வீதம் அறுபதாயிரம் கூடாரம். தண்ணீர், கழிப்பறை, குளிர்காலப் போர்வை. ஆண்களைத் திருப்பி அனுப்பாமல், தனியாக விசாரித்து வெளியே விடும் ஏற்பாடு. இவை தயாராக இல்லாத இடத்தில் மக்கள் வெளியேறிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு குண்டு போடக் கூடாது.

மோசுல் வழியை ஒரே ஒரு நிலைமையில்தான் பரிசீலிக்கலாம்: ஊருக்குள் மக்கள் தினமும் கொல்லப்படுகிறார்கள், காத்திருப்பதே அதிக உயிரை வாங்கும் என்றால். அப்போதும் தப்பிப்போக ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். எதிரியும் அந்த வழியாகத் தப்புவான், தப்பட்டும். 2017-இல் சிரியாவின் ரக்காவில் கடைசியில் உடன்பாடு செய்து ஐ.எஸ். ஆட்களைப் பேருந்தில் போக விட்டார்கள், ஊர் அதற்குள் பெரும்பாலும் இடிந்துவிட்டிருந்தது. விட வேண்டியதை நான்கு மாதம் முன்பே விட்டிருக்கலாம்.

எந்த வழியானாலும் மறுநாள் நிற்பவர் யார் என்ற கேள்வி தப்பாது. வடமேற்கு ஈராக்கின் தல் அஃபாரில் 2005-இல் அமெரிக்கக் கர்னல் எச்.ஆர். மக்மாஸ்டரின் படை ஊரைச் சுற்றி மண்கரை எழுப்பி, உள்ளே சிறு முகாம்கள் அமைத்து, ஷியா ஆதிக்கத்தில் இருந்த காவலில் சன்னிகளையும் சேர்த்தது. ரமாதியின் முன்னோட்டம் அது. அந்தப் படை திரும்பிப் போயிற்று. 2007 மார்ச் 27-ஆம் தேதி லாரிக் குண்டில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் இறக்க, ஷியா காவலர்களும் ஆயுதக் கும்பலும் சன்னி வீடுகளில் புகுந்து பல பத்து ஆண்களைச் சுட்டுக் கொன்றார்கள்.

ரமாதியிலிருந்து பரவிய இயக்கத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் சேர்ந்தார்கள், மாதச் சம்பளம் 300 டாலர் அளவில். ஐந்தில் ஒருவரைப் பாதுகாப்புப் படையில் சேர்ப்பதாகவும் மற்றவர்களுக்கு வேறு வேலை தருவதாகவும் பாக்தாத் வாக்களித்தது. வாக்கு இழுபறியில் கிடந்தது, சம்பளம் தாமதமானது, அவர்களின் தலைவர்கள் சிலர் கைதானார்கள். 2014 ஜனவரியில் ஐ.எஸ். ஃபலூஜாவுக்குள் வந்தபோது எதிர்த்து நிற்க வேண்டியவர்களில் பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அந்த ஊரை மீண்டும் பிடிக்க 2016 ஜூன் வரை ஆயிற்று.